மலைச்சரிவுல வீட்டுத்தோட்டம்: செடி வாங்குறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் புதுசா வீடு கட்டிட்டோ வாடகைக்கோ வந்து, வீட்டைச் சுத்தி ஒரு அஞ்சு சென்ட் பத்து சென்ட் காலியிடம் கெடச்சவங்க எல்லாரும் மொதல்ல கேக்குறது "இங்க என்ன செடி வைக்கலாம்"னுதான். நான் திருப்பிக் கேக்குறது, உங்க இடத்துல மழைத்தண்ணி எங்க இருந்து வந்து எங்க போகுது? இதுக்குப் பதில் தெரியாம நர்சரிக்குப் போகாதீங்க. கோயமுத்தூர்லயோ சென்னையிலயோ தோட்டம் போட்ட அனுபவம் இருந்தாலும் இங்க வந்தா மூணு விஷயத்தைப் புதுசா கத்துக்கணும்: சரிவு, தண்ணி, குளிர். இந்த மூணுக்கும் வழி பண்ணிட்டா நீலகிரி மண்ணுல வராத செடியைத்தான் தேடணும், அவ்வளவு நல்ல ஊருங்க இது.

மொதல்ல, நீங்க எந்த நீலகிரியில இருக்கீங்க?

மாவட்டம் சின்னதுதான், ஆனா ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், குன்னூர் 1,850, கோத்தகிரி 1,800க்குப் பக்கம், கூடலூர் அதெல்லாம் விட ரொம்பக் கீழ, 1,100 மீட்டர்தான் வரும். கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கமெல்லாம் ஜூன்ல ஆரம்பிக்கிற தென்மேற்குப் பருவமழை ஊத்தித் தள்ளிடும், ஊட்டிக்கும் அதுல நல்ல பங்கு உண்டு. குன்னூர், கோத்தகிரிக்கு பெரிய மழைன்னா அது அக்டோபர், நவம்பர்ல வர்ற வடகிழக்குப் பருவமழைதான். 2009 நவம்பர்ல கேத்தி, குன்னூர் பக்கம் மண்ணு சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல செத்தாங்களே, அது இந்த மழையில நடந்தது. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, அது தென்மேற்கு. அதனால "நீலகிரியில எப்ப விதைக்கணும்"னு பொதுவா கேட்டுட்டு யாரோ சொன்ன மாசத்தை அப்படியே எடுத்துக்காதீங்க. உங்க ஊர்ல நாலு தலைமுறையா காய்கறி போடுறவங்க இருப்பாங்க, அவங்க எந்த மாசம் மண்ணைக் கொத்துறாங்கன்னு பாருங்க, அதுதான் உங்க காலண்டர்.

குடையை எடுத்துக்கிட்டு மழையில நில்லுங்க

இதை யாரும் சீரியஸா எடுத்துக்கிறதில்ல, ஆனா எல்லாத்துலயும் முக்கியமான வேலை இதுதான். நல்லா அடிச்சுப் பெய்யிற மழை வர்றப்ப குடை, கம்பூட்டு, ஒரு கட்டு குச்சி எடுத்துக்கிட்டு வெளிய போங்க. மேல் வீட்டுல இருந்தோ ரோட்டுல இருந்தோ தண்ணி உங்க இடத்துக்குள்ள எந்த எடத்துல நுழையுது, எந்த வழியா ஓடுது, எங்க தேங்குது, எங்க வெளிய போகுதுன்னு பாத்து அந்தந்த இடத்துல குச்சி நட்டுட்டு வாங்க. தண்ணியோட நிறத்தையும் பாருங்க. தெளிவா ஓடுனா அந்த இடம் புல்லாலயோ கல்லாலயோ பிடிச்சிருக்குன்னு அர்த்தம், செம்மண் கலர்ல ஓடுனா உங்க மேல்மண்ணு போயிட்டு இருக்குன்னு அர்த்தம். மழை விட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி ஒரு சுத்து வாங்க, அப்பவும் எங்க கால் புதையுதோ அந்த இடத்துல கேரட்டோ உருளைக்கிழங்கோ போட்டா அழுகிடும், அதையும் குறிச்சுக்கோங்க.

இப்படி ரெண்டு மூணு பெரிய மழை பாத்தீங்கன்னா தோட்டத்தோட பாதி ப்ளான் தானா வந்துடும். தண்ணி போற வழியை எங்கயும் அடைக்கக் கூடாது, வேணும்னா கல்லு பாவி வாய்க்காலா மாத்திக்கலாம். இன்னொண்ணு, உங்க தண்ணி கடைசியில கீழ் வீட்டுக்காரர் இடத்துலதான் போய் விழும். அவர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை பேசி, எங்க விடலாம்னு சேர்ந்து முடிவு பண்ணிக்கோங்க. மலையில அக்கம்பக்கத்துச் சண்டை முக்கால்வாசி இந்தத் தண்ணியிலதான் ஆரம்பிக்குது.

வெயில் எங்க, மஞ்சு எப்போ

ஒரு வெயில் நாள்ல காலைல 9 மணி, மத்தியானம் 12 மணி, சாயங்காலம் 3 மணி, இந்த மூணு நேரமும் நிழல் எங்க விழுதுன்னு பாருங்க. டிசம்பர்ல சூரியன் தெக்கால சாஞ்சு போகும். அந்த மாசம் ஒரு 30 அடி சில்வர் ஓக் மரத்தோட நிழல் உச்சி வேளையிலயே வடக்குப் பக்கம் 20 அடிக்கு மேல நீளும், காலைலயும் சாயங்காலமும் இன்னும் தூரம் போகும். வடக்கு பாத்த சரிவுல வீடு இருந்தா குளிர்காலத்துல பாதி இடம் ஈரம் காயாமலே கெடக்கும், தெக்கு பாத்த சரிவு கொடுத்து வச்சது.

இங்க காலை வெயிலுக்குத்தான் மதிப்பு அதிகம். மழை மாசங்கள்ல மத்தியானத்துக்கு மேல மஞ்சு வந்து மூடிக்கும், சாயங்கால வெயிலை நம்பி வச்ச பாத்திக்கு வெயிலே கெடைக்காது. காலைல சீக்கிரம் வெயில் பட்டா இலையில இருக்குற ஈரமும் சட்டுனு காயும், பூஞ்சைநோய் பாதி கொறையும். அதனால கிழக்கு வெயில் விழுற இடம் எதுவோ அது காய்கறிக்கு, சாயங்கால வெயில் மட்டும் விழுற இடம் பூச்செடிக்கு, வெயிலே இல்லாத மூலை ஃபெர்ன், பிகோனியா, ஃபியூஷியாவுக்குன்னு மனசுல பிரிச்சுக்கோங்க.

உறைபனி

நவம்பர்ல மொதல்ல நீர்ப்பனி விழும், அப்புறம் டிசம்பர், ஜனவரியில உறைபனி. தலைகுந்தா, காந்தல், ஊட்டி ரேஸ் கோர்ஸ் மாதிரி பள்ளமான இடத்துல புல்லு மேல உப்பு கொட்டுன மாதிரி வெள்ளையா கெடக்குறதைப் பாத்திருப்பீங்க. ஏன் பள்ளத்துல மட்டும்? குளிர்காத்து கனமானது, காத்தே இல்லாத தெளிஞ்ச ராத்திரியில அது சரிவுல மெதுவா எறங்கிக் கீழ போய் தேங்கிடும். அதனால ஒரே தோட்டத்துல மேல்படியில இருக்குற பீன்ஸ் நல்லா இருக்கும், கீழ்ப்படியில இருக்குறது காலைல பாக்கும்போது கண்ணாடி மாதிரி வெறச்சு நிக்கும், வெயில் ஏறி 10 மணிக்குள்ள இலையெல்லாம் வேக வச்ச கீரை நிறத்துல தொங்கிடும், சாயங்காலம் கறுத்துடும்.

இதுல ப்ளான் பண்ண வேண்டியது ரெண்டு. பீன்ஸ், உருளை, தக்காளி, மரத்தக்காளி, மேரக்காய் இதுக்கெல்லாம் பனி ஆகாது, இதுங்களை மேல்படியிலயோ வீட்டுச் சுவர் ஓரமாவோ வைங்க. முட்டைக்கோஸ், பட்டாணிச் செடி, பூண்டு, கேரட், ஸ்பினாச் எல்லாம் லேசான பனியைத் தாங்கும் (பட்டாணி பூ விட்ட நேரத்துல மட்டும் பனி பட்டா காய் பிடிக்காது), இதுங்க கீழ்ப்படிக்குப் போகலாம். ரெண்டாவது, இடத்தோட கீழ் எல்லையில அடர்த்தியா வேலிச்செடி வச்சோ முழுச்சுவர் எழுப்பியோ அடைச்சுடாதீங்க, எறங்கி வர்ற குளிர்காத்து வெளிய போக வழியில்லாம உங்க தோட்டத்துக்குள்ளயே குளம் கட்டி நிக்கும். நடுநடுவுல இடைவெளி விடுங்க.

பனி விழும்போல தெரியுற ராத்திரி, அதாவது காத்தில்லாம நட்சத்திரம் பளிச்சுனு தெரியுற ராத்திரி, சின்னச் செடிகளைச் சாக்கு, பழைய போர்வை, இலைதழை எதையாவது வச்சு மூடிட்டு காலைல எடுத்துடுங்க. ஊட்டி தாவரவியல் பூங்காவுல கோத்தகிரி மிலார் செடியை வெட்டிட்டு வந்து அலங்காரச் செடிங்க மேல கூடாரம் மாதிரி மூடி வைப்பாங்க, காலைல வெயில் படுறதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சு விடுவாங்க. அதையேதான் வீட்டுலயும் செய்யலாம்.

இப்போ பேப்பர்ல போடுங்க

கட்டம் போட்ட நோட்டுல ஒரு கட்டத்துக்கு ரெண்டு அடின்னு வச்சு எல்லையை வரைங்க. வீடு, சமையக்கட்டு கதவு, செப்டிக் டேங்க், தண்ணி பைப், கரண்ட் கம்பி போற வழி, இருக்குற மரங்க, குச்சி நட்ட தண்ணி வழி, தேங்குற இடம், நிழல், பனி தேங்குற பள்ளம், எல்லாத்தையும் குறிங்க. சரிவு எந்தப் பக்கம்னு அம்புக்குறி போடுங்க. இதுக்கப்புறம் நடைபாதை. தினம் நாலு தடவை போற இடத்துக்குத்தான் நல்ல பாதை வேணும். கொத்தமல்லி, புதினா, பச்சைமிளகா, வெங்காயத்தாள் எல்லாம் சமையக்கட்டு கதவுல இருந்து செருப்பு மாத்தாம போய் பறிக்கிற தூரத்துல இருக்கட்டும், மழையில நனைஞ்சுக்கிட்டு கீழ்ப்படிக்கு யாரும் கொத்தமல்லி பறிக்கப் போக மாட்டாங்க. உருளை, முட்டைக்கோஸ் தூரமா இருக்கலாம், பழமரம் இன்னும் தூரம்.

படிக்கட்டு உயரம் 6 இஞ்ச், கால் வைக்கிற அகலம் 1 அடி, சொரசொரப்பான கல்லு. வழவழன்னு டைல்ஸ் ஒட்டுனா மொத மழையிலயே பாசி பிடிச்சு ஆளைத் தள்ளிடும். வயசானவங்க வீட்டுல இருந்தா ஒரு பக்கம் கைப்பிடி கம்பியும் போட்டுடுங்க, எரு மூட்டையோட ஏறும்போது உங்களுக்கே தேவைப்படும். வீட்டுச் சுவர்ல இருந்து மூணு அடிக்குள்ள தண்ணி நிக்கிற மாதிரி பாத்தி வேண்டாம், உள்பக்கம் சுவரெல்லாம் ஈரம் ஏறிடும், சுவர் ஓரத்துச் செடியைத் தொட்டியில வச்சுக்கோங்க.

சரிவைப் படியாக்குறது

இங்க நிதானமா இருங்க. ஜேசிபி கொண்டு வந்து ஒரே நாள்ல மலையைக் குடைஞ்சு சமதளம் ஆக்கிடலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க. நீலகிரியில மண்ணள்ளுற இயந்திரத்துக்கு மாவட்ட நிர்வாகத்தோட அனுமதி வேணும், மரம் வெட்டுறதுக்கும் அப்படித்தான், சொந்தப் பட்டா நிலமா இருந்தாலும் 1955-ம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. சட்டத்தை விடுங்க, செங்குத்தா வெட்டுன மண்ணு நவம்பர் மழையில நிக்காது, அதுதான் பெரிய காரணம். ஒரு படியோட உயரம் மூணு அடிக்கு மேல போகுதுன்னா இன்ஜினியரைக் கூப்பிடுங்க, அதுக்குக் கீழன்னா மம்பட்டியோட ரெண்டு ஆள் போதும்.

மட்டம் பாக்க ஒரு ஏ-சட்டம் செஞ்சுக்கலாம். ஒரே நீளத்துல ரெண்டு குச்சி, ஆளுயரத்துக்கு, மேல சேத்துக் கட்டி கீழ விரிச்சு, நடுவுல குறுக்கா ஒரு குச்சி, உச்சியில இருந்து நூல்ல ஒரு கல்லு. ரெண்டு காலும் படுற இடத்துல ஆப்பு அடிச்சுட்டு, நூல் குறுக்குக் குச்சியில படுற இடத்தைக் குறிங்க. அப்புறம் சட்டத்தைத் திருப்பி, இந்தக் கால் இருந்த இடத்துல அந்தக் காலை வச்சு மறுபடி குறிங்க. ரெண்டு குறிக்கும் நடுமையம்தான் மட்டம். அதை வச்சு சரிவுக்குக் குறுக்கா அடியடியா நடந்து குச்சி நட்டுக்கிட்டே போனா ஒரே மட்டத்துல ஒரு கோடு வரும், வளைஞ்சு வளைஞ்சுதான் வரும், அதை நேராக்கணும்னு நெனைக்காதீங்க, மலை வளையுற மாதிரியே படியும் வளையட்டும். கொத்தனார்கிட்ட இருக்குற ட்யூப் லெவல் வச்சும் இதைப் பண்ணலாம்.

வெட்டுறதுக்கு முன்னாடி மேல இருக்குற கறுப்பு மண்ணை, ஒரு அரை அடி ஆழம், தனியா வழிச்சு ஓரமாக் குமிச்சுடுங்க. அடியில இருக்குற செம்மண்ணை வெட்டி நெரவி படி அமைச்சதுக்கு அப்புறம் அந்தக் கறுப்பு மண்ணை மேல பரப்பணும். இதைச் செய்யாம விட்டா அடிமண்ணு மேல வந்துடும், எத்தனை எரு போட்டாலும் தேறுறதுக்கு வருஷக்கணக்காகும். படியோட தளம் வெளிப்பக்கம் சாயக் கூடாது, மலைப்பக்கமா உள்ள லேசா சாயணும், அந்த உள்மூலையில ஒரு சின்ன வாய்க்கால், அந்த வாய்க்கால் 100 அடிக்கு 1 அடி வாட்டத்துல ஓரமாப் போய் கல்லு பாவுன பெரிய வாய்க்கால்ல விழணும். மழைத்தண்ணி படியோட விளிம்புல வழிஞ்சா விளிம்பு கரையும், உள்ள வந்து வாய்க்கால்ல போனா மண்ணு தங்கும். விளிம்புல வெட்டிவேர், லெமன் கிராஸ், அகபாந்தஸ் மாதிரி வேர் அடர்த்தியாப் போற செடியை நெருக்கமா நடுங்க. கல்லுச்சுவர் கட்டுனீங்கன்னா தண்ணி வெளிய வர அங்கங்க ஓட்டை விடச் சொல்லுங்க, பின்னாடி ஜல்லி போடச் சொல்லுங்க, ஓட்டை இல்லாத சுவர் தண்ணி பாரம் தாங்காம வயிறு தள்ளி ஒரு நாள் விழும்.

கீழ்நாட்டுல மழைநீர் சேகரிப்புன்னு வீட்டோரம் குழி தோண்டி தண்ணியை மண்ணுக்குள்ள எறக்குவோம் இல்லையா, செங்குத்தான சரிவுல, அதுவும் சுவருக்கு மேல் பக்கம், அதைச் செய்யவே செய்யாதீங்க. மண்ணு ஊறி எடை கூடுனாத்தான் சரிவு எறங்கும். இங்க மழைத்தண்ணியைத் தொட்டியில பிடிக்கணும். 1,000 சதுர அடி கூரையில 10 மில்லிமீட்டர் மழை பெஞ்சா கிட்டத்தட்ட 900 லிட்டர் கெடைக்கும், ரெண்டு மூணு ட்ரம் வச்சாலே ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் வர்ற காஞ்ச மாசத்துல நாத்துக்கு ஊத்த ஆகும். ட்ரம்மை மூடி வைங்க, வழியுற தண்ணியைப் பைப்புல வாய்க்காலுக்கு விடுங்க.

மண்ணு புளிப்பு

நீலகிரி மண்ணு அமிலத்தன்மை உள்ளது, மழை காலகாலமா சுண்ணாம்புச்சத்தைக் கரைச்சுக் கொண்டு போயிடுச்சு. தேயிலைக்கு அது நல்லது, அதனாலதான் இங்க தேயிலை இப்படி வருது. முட்டைக்கோஸ், பீட்ரூட், பீன்ஸ், பூண்டுக்கு அது ஆகாது. உங்க மண்ணு எப்படின்னு பக்கத்து வீட்டு ஹைட்ராஞ்சியா பூவே சொல்லும், நீலமாப் பூத்தா புளிப்பு மண்ணு, ரோஸாப் பூத்தா புளிப்பு கம்மி. ஒரே செடியில சிமெண்ட் சுவரை ஒட்டுன பக்கம் ரோஸும் மண்ணுப் பக்கம் நீலமும் கலந்து பூக்குறதைக் குன்னூர் வீடுகள்ல பாக்கலாம், சிமெண்ட்ல இருக்குற சுண்ணாம்பு கரைஞ்சு மண்ணுல எறங்குறதால வர்றது அது.

ஆனாலும் ஒரு தடவை மண்ணு டெஸ்ட் பண்ணிடுங்க, குன்னூர்ல உபாசி (தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம்) நடத்துற வேளாண் அறிவியல் நிலையத்துலயோ உங்க வட்டாரத் தோட்டக்கலை ஆபீஸ்லயோ கேட்டா எப்படி மண்ணு எடுக்கணும், எங்க குடுக்கணும்னு சொல்வாங்க. டெஸ்ட் ரிசல்ட்ல புளிப்பு அதிகம்னு வந்தா காய்கறிப் பாத்திக்கு டோலமைட்ங்கிற சுண்ணாம்புக்கல் பொடி போடணும், சென்ட்டுக்கு ஒரு 10 கிலோ அளவுல ஆரம்பிக்கலாம், விதைக்கிறதுக்கு மூணு நாலு வாரம் முன்னாடியே தூவி மண்ணோட கலந்துடுங்க. எருவையும் சுண்ணாம்பையும் ஒரே நாள்ல போடாதீங்க, எருவுல இருக்குற தழைச்சத்து காத்துல போயிடும், நடுவுல ரெண்டு வாரமாச்சும் விடணும். தொழு எரு நல்லா மக்குனதா சென்ட்டுக்கு 100 கிலோவுக்குக் கொறையாம வேணும். அடுப்புச் சாம்பல் இருந்தா அதுவும் நல்லது.

தோட்டம் பூரா சுண்ணாம்பு போட்டுடாதீங்க. அசேலியா, கமேலியா, ஹைட்ராஞ்சியா, ரோடோடென்ட்ரான் இதெல்லாம் புளிப்பு மண்ணுலதான் சந்தோஷமா இருக்கும். அதனால ப்ளான்லயே காய்கறிப் பக்கம், பூப்பக்கம்னு தனித்தனியா பிரிச்சு வச்சுட்டா சுண்ணாம்பு எங்க போடணும், எங்க போடக்கூடாதுன்னு கொழப்பமே வராது. கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை (வாட்டில் மரம்), சைப்ரஸ் இதுங்களுக்கு அடியில பாத்தி போடாதீங்க, தண்ணியையும் சத்தையும் அதுங்க உறிஞ்சிடும், அந்த இடத்துல பெஞ்சு போட்டு உக்காருங்க, இல்ல விறகு அடுக்குங்க.

முட்டைக்கோஸ் செடி மத்தியானம் வாடி சாயங்காலம் தெளியுதா, ஒண்ணைப் பிடுங்கி வேரைப் பாருங்க, வேர் விரல் விரலா வீங்கியிருந்தா அது கிளப் ரூட் நோய், புளிப்பு மண்ணுல வர்றது. அந்த மண்ணுல பல வருஷம் உயிரோட இருக்கும். அந்தப் பாத்தியில முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, நூக்கல், டர்னிப் எதுவும் போடாம, சுண்ணாம்பு போட்டு வேற பயிருக்கு மாத்துங்க. பிடுங்குன செடியை கம்போஸ்ட்ல போடாம எரிச்சுடுங்க.

காட்டு மாடும் கரடியும் வர்ற வழி

நம்ம தோட்டத்துக்கு முன்னாடியே அதுங்க நடந்த வழி இது. காட்டுமாடு எந்த ஓரமா நடந்து போகுதுன்னு பக்கத்துல கேளுங்க, குளம்புத்தடம் தெரியும், அந்த வழியை வேலி போட்டு மறிச்சா அது வேலியோட சேத்து போயிடும், ஓரமா வழி விட்டு வேலியை உள்ள தள்ளிப் போடுங்க. காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் உருளை, கேரட்டுக்கு வரும், அந்தப் பாத்திகளை மட்டும் கம்பிவலை போட்டு, வலையோட அடியை ஒரு அடி மண்ணுக்குள்ள புதைச்சு அடைங்க. கரண்ட்டை நேரா வேலியில குடுக்குறது குற்றம், உயிரும் போகும். சோலார் வேலின்னாலும் வனத்துறையில கேட்டுட்டுத்தான்.

கரடி பழத்துக்கும் சமையல் கழிவுக்கும் வரும். தெறந்த கம்போஸ்ட் குழியில சோறு, எண்ணெய்ப் பலகாரம், மீன் கழிவு கொட்டாதீங்க, இலைதழையும் காய்கறித்தோலும் மட்டும் போட்டு மூடி வைங்க. பழமரத்தை வீட்டு வாசலை ஒட்டி நடாதீங்க, பழம் பழுக்க விடாம முன்கூட்டியே பறிச்சுடுங்க, கீழ விழுந்ததைத் தெனம் பொறுக்குங்க. ரோஸ்மேரி, தைம், பூண்டு, லெமன் கிராஸ் பக்கம் இதுங்க அவ்வளவா வர்றதில்ல, வேலி இல்லாத ஓரத்துக்கு அது நல்ல தேர்வு.

என்ன போடலாம்

மொத வருஷம் நாலஞ்சு பாத்தி போதும், நாலடி அகலம், ரெண்டு பக்கமும் கை எட்டணும், நடுவுல ஒன்றரை அடி வழி, எல்லாமே சரிவுக்குக் குறுக்கா. முள்ளங்கி 45 நாள்ல வந்துடும், மனசுக்குத் தெம்பா இருக்கும், அதுல ஆரம்பிங்க. கேரட்டை நாத்து விட்டு நடக்கூடாது, நேரா விதைச்சு, முளைச்சதும் விரல்கட்டை நீளத்துக்கு ஒண்ணுன்னு கலைச்சு விடணும், மூணு மூணரை மாசம் ஆகும். கலைக்க மனசு வராம விட்டா எல்லாம் குச்சியாத்தான் வரும். முட்டைக்கோஸ் ஒண்ணேகால் அடிக்கு ஒண்ணு.

உருளைக்கிழங்குக்கு இங்க மூணு போகம்: ஜனவரி-பிப்ரவரியில நீர்போகம், மார்ச்-ஏப்ரல் வாக்குல கார்போகம், ஆகஸ்ட்-செப்டம்பர்ல கடைபோகம். ஆனா ஒரு பாத்தியில ஒரு தடவை உருளை போட்டா அடுத்த மூணு வருஷத்துக்கு அங்க போடாதீங்க. 1961-ல ஊட்டி விஜயநகரம் பக்கம்தான் இந்தியாவிலயே மொதல்ல உருளைக்கிழங்கு நூற்புழுவைக் கண்டுபிடிச்சாங்க, கடுகு அளவுக்கும் சின்ன முட்டைக்கூடு, வேர்ல ஒட்டிட்டு மண்ணுலயே வருஷக்கணக்குல கெடக்கும், நீலகிரி விதைக்கிழங்கை வெளியூருக்கு அனுப்பத் தடை இருக்குறதும் இதனாலதான். கேரட், முள்ளங்கி, பீன்ஸ், பூண்டுன்னு மாத்தி மாத்திப் போட்டா புழுவுக்குத் தீனி இல்லாம கொறையும். குஃப்ரி ஸ்வர்ணா ரகம் இந்தப் புழுவையும் தாங்கும், மஞ்சு காலத்துல வர்ற இலைக்கருகலையும் ஓரளவு தாங்கும், விதை கெடைச்சா அதையே போடுங்க. வெளிய போன கம்பூட்டையும் மம்பட்டியையும் கழுவிட்டு உள்ள வாங்க, அடுத்தவங்க தோட்டத்து மண்ணோடதான் இதெல்லாம் வரும்.

புதுசா வந்தவங்க எல்லாருக்கும் நான் சொல்ற ஒரு செடி மேரக்காய், சமவெளியில சௌசௌன்னு சொல்றோமே அது. முளை விட்ட முழுக்காயை அப்படியே பாதி மண்ணுக்குள்ள வச்சுட்டா போதும், பலமா ஒரு பந்தல், அடியில ஒரு கூடை எரு, ஆறு மாசத்துல காய்க்க ஆரம்பிச்சா வருஷக்கணக்குல காய்க்கும், பக்கத்துல நாலு வீட்டுக்குக் குடுக்குற அளவு. பந்தல் கீழ நிழலா இருக்கும், அங்க ஒண்ணும் வராதுன்னு மட்டும் ப்ளான்ல கணக்கு வச்சுக்கோங்க. மரத்தக்காளி ரெண்டு வருஷத்துக்குள்ள காய்ச்சுடும், ஆனா வேர் மேலாகத்தான் போகும், காத்துல சாயும், முட்டுக் குடுங்க.

பழமரத்துல ஊட்டி, குன்னூர் உயரத்துக்கு பிளம்ஸ், பீச், பேரி சரியா வரும், குளிர் வேணும் அதுங்களுக்கு. கீழ இறங்க இறங்க ஆரஞ்சு, கொய்யா, பட்டர் ஃப்ரூட். மரத்தை எல்லாம் இடத்தோட வடக்கு ஓரத்துல வைங்க, நிழல் உங்க பாத்தி மேல விழாது. கன்னு வாங்கத் தோட்டக்கலைத்துறை பண்ணைகள், குன்னூர் சிம்ஸ் பூங்கா, பர்லியார் மாதிரி எடத்துல கேளுங்க, மலைக்குப் பழகுன கன்னா கெடைக்கும், சமவெளி நர்சரியில இருந்து டிக்கியில போட்டுட்டு வர்றது மொதக் குளிர்லயே நின்னுடும்.

பூவுல உங்க இஷ்டம்தான், ஆனா சிலதைத் தயவுசெஞ்சு வைக்காதீங்க. உண்ணிச்செடி, மஞ்சப்பூ பூக்குற ஸ்காட்ச் புரூம், முள்ளு முள்ளா இருக்குற கோர்ஸ், ஆரஞ்சுப்பூ செஸ்ட்ரம், இதெல்லாம் ஒரு காலத்துல அழகுக்குன்னு யாரோ தோட்டத்துல வச்சதுதான், இன்னைக்குப் புல்வெளியையும் சோலையையும் தின்னுட்டு இருக்கு, ஆளு வச்சு வேரோட பிடுங்கியும் தீரல. கிக்கூயூ புல்லும் லானுக்கு வெளிய போயிடும், காய்கறிப் பாத்தி ஓரத்துல வேண்டாம். அதுக்குப் பதிலா ஒரு தவிட்டுப்பழச் செடி வைங்க, ரோஸ் பூவும் அழகு, பழத்துக்குக் குருவியும் வரும் பிள்ளைங்களும் வரும். இடம் இருந்தா காட்டுப்பூவரசு, செவப்பா கொத்துக் கொத்தாப் பூக்கும், மெதுவாத்தான் வளரும். குழந்தைங்க இருக்குற வீட்டுல மணி மாதிரி தொங்குற ஊமத்தை வகைப் பூச்செடி வேண்டாம், பாக்க நல்லா இருக்கும், எல்லாமே விஷம்.

மொத வருஷத்துக்கு ஒரு வரிசை

நீங்க குன்னூர், கோத்தகிரி பக்கம்னு வச்சு சொல்றேன். அக்டோபர், நவம்பர் மழையில வெறும் வேடிக்கை, குச்சி நடுறது, நோட்டுல எழுதுறது, தொட்டியில கீரை. டிசம்பர்ல நிழலும் பனியும் பாத்து ப்ளானை முடிச்சுடுங்க. ஜனவரி, பிப்ரவரி மண்ணு காஞ்சு இருக்கும், படி வெட்ட, வாய்க்கால் எடுக்க, கல்லு அடுக்க அதுதான் நேரம், விளிம்புல லெமன் கிராஸ் நட்டு ட்ரம் தண்ணி ஊத்தி பிழைக்க வச்சுடுங்க. மார்ச்ல டோலமைட், ரெண்டு மூணு வாரம் கழிச்சு எரு. ஏப்ரல், மே கோடை மழை ஆரம்பிச்சதும் முள்ளங்கி, பீன்ஸ், கேரட், ஒரு பாத்தி உருளை. மே மாசம் சிம்ஸ் பூங்காவுல பழக்கண்காட்சி நடக்கும், அங்க போய் எந்தப் பழம் இந்த உயரத்துல எப்படி வருதுன்னு கண்ணால பாத்துட்டு வாங்க. ஜூன்ல குழி எடுத்து மரக்கன்னு நடலாம். கைல காசு கம்மியா இருந்தா மொதக் காசு வாய்க்காலுக்கு, அடுத்தது எருவுக்கு, செடிக்கு மிச்சம் இருக்குறது போதும், ஹைட்ராஞ்சியா, ஜெரேனியம், ஃபியூஷியா எல்லாம் பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டா ஒரு கிளையை ஒடிச்சுக் குடுப்பாங்க, மழைக்காலத்துல சும்மா மண்ணுல குத்தி வச்சாலே வேர் பிடிக்கும்.